ஒன்பதாம் நம்பர் கரை திரும்பியது

ஜூன் 14, வெள்ளி

தடைக்காலம் இன்னையோட முடியுது. மீன் முட்டை வச்சுக் குஞ்சு பொரிக்கட்டும்னு அறுபத்தோரு நாள் விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கிடந்துச்சு. நான் மட்டும் தினமும் ஆபீசுக்கு வந்து ஒண்ணுமே இல்லாத நீலத் திரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணுக்குக் கேடு.

சேந்தன்துறை துறைமுகத்துல மொத்தம் இருபத்திரண்டு விசைப்படகு. ஒவ்வொண்ணுலயும் கேபின் கூரை மேல ஒரு வெள்ளை டப்பா மாட்டியிருக்கு. டப்பா எங்க இருக்கோ அந்த இடம் என் திரையில பச்சைப் புள்ளியா தெரியும், பக்கத்துல படகு நம்பர். கிழக்கால ஒரு சிவப்புக் கோடு ஓடும், அது இலங்கை எல்லை. புள்ளி கோட்டுக்கிட்டப் போனா நான் ஒயர்லெஸ்ல கூப்பிட்டுத் திரும்பச் சொல்லணும். டப்பாவுல ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. கடல்ல ஆபத்துன்னா அதை அமுக்கணும், என் மேஜையில மணி அடிக்கும். மூணு வருஷத்துல ஒரே தடவைதான் அடிச்சிருக்கு, அதுவும் எவனோ டப்பாவைத் தொடைக்கிறேன்னு அமுக்கினது.

போனது எத்தனை மணி, வந்தது எத்தனை மணி, இதை ரிஜிஸ்டர்ல எழுதணும். வேற எதையும் எழுதக் கூடாது. போன வாரம் "மழை, மேஜை நனைந்தது"ன்னு எழுதினதுக்கு ஆய்வாளர் ரெஜினா மேடம், "தவமணி, இது ரிஜிஸ்டர், உன் டைரி இல்ல"ன்னாங்க. சரின்னு டைரியே வாங்கிட்டேன்.

மேடத்தோட இன்னொரு சட்டம்: தப்பா எழுதினா வெள்ளை மை பூசக் கூடாது. தப்பு மேல ஒரே ஒரு கோடு, கீழ என்ன எழுதியிருக்குன்னு தெரியணும். மேல சரியானது. பக்கத்துல கையெழுத்து. என் ரிஜிஸ்டர்ல இதுவரைக்கும் அடித்தல் திருத்தல் கிடையாது. என் கையெழுத்து அப்படி.

ஜூன் 15, சனி

விடியறதுக்கு முன்னயே டோக்கன் வாங்க வரிசை கட்டி நின்னுட்டாங்க. டோக்கன் இல்லாம யாரும் கடலுக்குப் போக முடியாது. ஒன்பதாம் நம்பருக்கு எப்பவும் போல சின்னையன் அண்ணன்தான் வந்தார். அந்தப் படகுல அவர்தான் வயசுல மூத்தவர், சமையலும் அவர்தான். ஆறு பேர் அடையாள அட்டையையும் பால் கவர்ல போட்டு ரப்பர் பேண்டு சுத்திக் கொண்டுவருவார். மத்தவன் மாதிரி ஈரத்தோட மேஜையில வீச மாட்டார்.

"என்ன தங்கச்சி, ரெண்டு மாசமா எங்க புள்ளியெல்லாம் பார்க்காம இளைச்சுப் போயிட்டியே"ன்னார்.

"நீங்க ஒழுங்கா கோட்டுக்கு இந்தப் பக்கமே இருங்க, நான் குண்டாயிடுறேன்."

"அதை உன் தம்பிகிட்டச் சொல்லு. ஓட்டுறது அவன்தானே."

ஒன்பதாம் நம்பர் டிரைவர் என் தம்பி இளஞ்செழியன். படகு முதலாளி பக்கிரிசாமி. செழியன் ஆபீசுக்குள்ள வர மாட்டான், கரையிலேர்ந்தே கையைத் தூக்கிக் காட்டுவான். இன்னைக்கும் காட்டினான். இருபத்திரண்டும் ஏழு மணிக்குள்ள கிளம்பியாச்சு. திரையைப் பார்க்க இப்பதான் திரை மாதிரி இருக்கு.

ஜூன் 20, வியாழன்

முதல் நடை முடிஞ்சு எல்லாம் கரை. முதல் ரெண்டு நாள் நல்ல பாடாம், மீன் அள்ளிச்சாம். மூணாம் நாளே மடி வலையில குஞ்சும் குப்பையும். ஏலக் கூடத்துல பார்த்தேன், விரல் நீளம்கூட இல்லாத சங்கரா மலை மாதிரி கொட்டிக் கிடக்கு. அதெல்லாம் கோழித் தீவனத்துக்கு அரைக்கப் போகுது. ரெண்டு மாசம் பொறுத்திருந்து வளர்த்ததை ரெண்டு நாள்ல வழிச்சாச்சு. நான் சொல்லி யாரு கேட்கப் போறா.

மத்தியானம் செழியன் வீட்டுல சாப்பாடு. கோமதி கணவாய் வறுத்திருந்தா. உப்பு கூட, ஆனா சொல்லலை. தம்பி பொண்டாட்டிக்கிட்ட எதையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்.

சாப்பிட்டுக்கிட்டே செழியன் கேட்டான், "ஏங்க்கா, அந்த டப்பாவுக்குக் கரண்டு இஞ்சின்லேர்ந்தா போகுது?"

"இல்லடா. உள்ளயே பேட்டரி இருக்கு. வெயில் பட்டா தானா ஏறிக்கும்."

"அப்ப கழட்டி வீட்டுல வச்சாலும் வேலை செய்யும்?"

"செய்யும். உன் வீட்டு மாடி மேல புள்ளி தெரியும். கோமதி உன்னை எங்க நிறுத்தி வச்சிருக்கான்னு ஊருக்கே தெரியும்"னேன். கோமதி புரையேறுற அளவு சிரிச்சா. அவனும் சிரிச்சான்.

ஜூன் 29, சனி

ஆபீஸ் ஃபேன் கடக்கடக்னு சத்தம் போடுது. மனு கொடுத்திருக்கேன். மூணாவது மனு.

ஜூலை 3, புதன்

காலையிலேர்ந்து ஒன்பதும் பதினாலும் ஒட்டிக்கிட்டே போகுது. பதினாலுக்கு டிரைவர் மாசிலாமணி, செழியனோட பள்ளிக்கூடத்துத் தோழன். சேர்ந்து போறது புதுசு இல்லை. ஆனா ரெண்டு படகு சேர்ந்து போனா புள்ளி ரெண்டும் கொஞ்சம் விலகும், கொஞ்சம் நெருங்கும், ஒண்ணு முந்தும். இது அப்படி இல்லை. ஒன்பது மேல பதினாலு உக்காந்திருக்கு. திரையைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நடுவுல ஒரு நூல் இல்லை.

எல்லைக் கோட்டுக்கு நல்லா இந்தப் பக்கம்தான் இருக்கு. ரெண்டும்.

ஜூலை 4, வியாழன்

இன்னைக்கும்.

ஜூலை 5, வெள்ளி

ரேஷன்ல பருப்பு வரலை. சிலிண்டர் புக் பண்ணினேன். ஒன்பதும் பதினாலும் மத்தியானம் ஒண்ணா கரைக்கு வந்துச்சு. ஜன்னல்லேர்ந்து பார்த்தேன், ரெண்டு படகும் நிஜமாவே வந்துச்சு, ரெண்டு கூரையிலயும் டப்பா இருந்துச்சு. ஒன்பதுல இறால் அள்ளி அள்ளிக் கொட்டினாங்க. நம்ம பக்கம் அந்த மாதிரி இறால் பார்த்து அஞ்சு வருஷம் இருக்கும்.

ஜூலை 12, வெள்ளி

மேடம் என் தோள் வழியா திரையைப் பார்த்துட்டு, "இந்த ஒன்பதும் பதினாலும் எப்பப் பார்த்தாலும் ஜோடியா போகுதே, இரட்டைமடி போடுறாங்களா?"ன்னு கேட்டாங்க. இரட்டைமடின்னா ரெண்டு படகு நடுவுல ஒரே மடியைக் கட்டி இழுக்கிறது. கடல் அடியில குஞ்சு குளுவானைக்கூட விடாது. தடை செஞ்சு பல வருஷம் ஆச்சு.

"இல்ல மேடம். இரட்டைமடின்னா ரெண்டு புள்ளிக்கும் நடுவுல மடியோட அகலத்துக்கு இடைவெளி இருக்கும். அது மாறாது. இதுல இடைவெளியே இல்ல பாருங்க"ன்னேன்.

மேடம் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லை.

செழியன் போன வருஷம் எல்லை தாண்டிப் பிடிபட்டு, யாழ்ப்பாணத்துல நாப்பது நாள் உள்ள இருந்துட்டு வந்தவன். இன்னொரு தடவை பிடிச்சா டிரைவருக்கு ரெண்டு வருஷம் ஜெயில்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் விட்டாங்க. அந்த நாப்பது நாளும் கோமதி என் வீட்டுலதான் இருந்தா. ராவும் பகலும் அவ அழுததைக் கேட்டவ நான். அதனால இங்க எழுதி வைக்கிறேன், வேற எங்கயும் எழுத மாட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஞாயிறு டூட்டி. காத்து ஏதோ சரியா அமைஞ்சிருக்கு, ஒயர்லெஸ்ல தூரத்துக் குரலெல்லாம் கேட்டுச்சு. பதினோரு மணிவாக்குல ஒருத்தர் பேசினார். அக்கரைத் தமிழ்.

"அண்ணைமார், ஆர் கேக்கிறியளோ தெரியேல்லை. நேற்றும் எங்கட வலையளை அறுத்துப்போட்டுப் போயிட்டியள். நாங்களும் தொழிலாளியள்தான். சின்ன போட்டு, ரெண்டு பேர். இஞ்சை உங்கட மடி ஒருக்கா வந்து போனா ஒரு மாசத்துக்கு ஒண்டும் இல்லை. கொஞ்சம் யோசியுங்கோ."

கோபம்கூட இல்லை குரல்ல. அதுதான் என்னமோ பண்ணிச்சு. மைக்கைக் கையில எடுத்தேன். வச்சுட்டேன். ரிஜிஸ்டர்ல இதுக்குப் பத்தி கிடையாது.

ஜூலை 22, திங்கள்

செழியன்கிட்ட அந்தக் குரலைப் பத்திச் சொன்னேன். வலை சரிபார்த்துக்கிட்டிருந்தவன் நிமிரலை.

"நம்ம பக்கம் என்னக்கா வச்சிருக்கோம்? அடிமண்ணு வரைக்கும் சொரண்டியாச்சு. அவங்க பக்கம் இருக்கு, போறோம். நான் போகலைன்னா பக்கிரிசாமி வேற டிரைவரைப் போட்டுட்டுப் போவார்."

"போறோம்னு சொல்றியே, என் திரையில நீ போகலையேடா."

அவன் வலையில அடுத்த கண்ணிக்கு முடிச்சுப் போட்டான். நானும் திருப்பிக் கேட்கலை. பக்கத்துல உக்காந்திருந்த சின்னையன் அண்ணன்தான், "தங்கச்சி, காபி குடிக்கிறியா?"ன்னு பேச்சை மாத்தினார்.

ஆகஸ்ட் 3, சனி

டோக்கன். சின்னையன் அண்ணன் ஆறு அட்டையோட வந்தார். படகு கட்டுற தூணுல இருக்கிற டயருக்குப் புதுசா மஞ்சள் பெயிண்டு அடிச்சிருக்கார், கையெல்லாம் மஞ்சள். இங்க ஒவ்வொரு படகுக்கும் கட்டுற தூண் தனி. மாத்திக் கட்டினா அடிதடிதான். ஒன்பதாம் நம்பர் தூண் ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால இருக்கு, என் ஜன்னல்லேர்ந்து தெரியாது. அதான் அடையாளத்துக்கு டயர் கட்டி வச்சிருக்கார்.

"தங்கச்சி, இந்தத் தடவை நடை முடிஞ்சு வந்ததும் நான் நின்னுக்கலாம்னு இருக்கேன். ராசாத்தி கூட மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு தெருத்தெருவா போகப் போறேன்."

"அக்கா உங்களைச் சேர்த்துக்கணுமே."

"அதான் பயம்"னு சிரிச்சார். ராசாத்தி அக்கா அவர் பொண்டாட்டி. ஊர்ல மீனு விக்கிறவங்கள்ல அவங்க வாய்க்குப் பயப்படாதவங்க யாரும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை பத்து மணிக்குக் காற்று எச்சரிக்கை வந்துச்சு. எல்லாரையும் ஒயர்லெஸ்ல கூப்பிட்டுத் திரும்பச் சொன்னேன். மத்தியானம் மூணு மணியிலேர்ந்து ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது. 5.15க்கு பதினாலும் ஒன்பதும். இருபத்திரண்டும் கரை. ரிஜிஸ்டர்ல எழுதியாச்சு.

தலைவலி. மாத்திரை போட்டுச் சீக்கிரம் படுத்துட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சாயங்காலம் எழுதுறேன். எழுத்து கோணலா வருது.

காலையில ஆபீசுக்கு வந்த பிறகுதான் ஒன்பதாம் நம்பர் தூண் காலின்னு தெரிய வந்துச்சு. ஒன்பது மணிக்கு பக்கிரிசாமியும் மாசிலாமணியும் வந்தாங்க. மேடம் அப்ப கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்ல. மாசிலாமணி முகம் செத்துப் போயிருந்துச்சு. விஷயம் நான் நினைச்சதுதான். ஞாயித்துக்கிழமை காலையில செழியன் தன் டப்பாவைக் கழட்டி மாசிலாமணிகிட்டக் கொடுத்துட்டு எல்லை தாண்டிப் போயிருக்கான். திரும்பி வரும்போது கடல்லயே சந்திச்சு டப்பாவை வாங்கி மாட்டிக்குவான், அதுதான் ஏற்பாடு. நேத்துக் காத்து ஏறினதும் மாசிலாமணி ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்திருக்கான். ஒயர்லெஸ்ல பதில் இல்லை. அலை அதிகமாகவும் கரைக்கு வந்துட்டான். சாக்குல சுத்தின ஒன்பதாம் நம்பர் டப்பாவும் அவன் கூடவே கரைக்கு வந்துடுச்சு. அதைத்தான் நான் கரை திரும்பியதுன்னு எழுதியிருக்கேன்.

பக்கிரிசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "மத்தியானம் வரைக்கும் பொறும்மா. போன மாசமும் ஒரு நாள் லேட்டாத்தான் வந்தான். இப்ப நீ சொன்னா அந்தப் பக்கமும் தகவல் போகும். கப்பல் அனுப்பிப் பிடிச்சாங்கன்னா உன் தம்பிக்கு ரெண்டு வருஷம். நீயே உள்ள தள்ளின மாதிரி ஆயிடும்."

பொறுத்தேன். திரையில ஒன்பதாம் நம்பர் புள்ளி அசையாம துறைமுகத்துக்குள்ள இருந்துச்சு. பச்சையா, சமர்த்தா.

ரெண்டு மணிக்கு கோமதி வந்தா. யாரும் அவகிட்ட எதுவும் சொல்லலை போல. எல்லாப் படகும் வந்துடுச்சாம், வீட்டுக்கு இன்னும் வரலையே, படகுலயே வேலையான்னு கேட்க வந்திருக்கா. கையில தூக்குவாளி.

"அண்ணி, உங்க திரையில அவரு இருக்காருல்ல?"

"இருக்கான்"னேன்.

அவ முகம் தெளிஞ்சுது. அதைப் பார்த்ததும் எனக்குள்ள எல்லாம் உடைஞ்சு போச்சு. மேடம் அப்பதான் ஜீப்லேர்ந்து இறங்கினாங்க. ஓடிப் போய்ச் சொன்னேன். மணி 2.10.

மேடம் கடலோரக் காவல்படைக்குப் போன் போட்டாங்க. பேசி முடிச்சுட்டு, "உனக்கு எப்பத் தெரியும்?"னாங்க. "இன்னைக்குக் காலையில மேடம்." "ரிஜிஸ்டர்ல எழுது." எழுதினேன். செவ்வாய் காலையில்தான் தெரிய வந்தது, 2.10க்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது.

எங்க தேடுறதுன்னு அடுத்த கேள்வி. ஆறு பேர் எங்கன்னு என் திரைக்குத் தெரியாது. மாசிலாமணிதான் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னான், மேற்கேயிருந்து கச்சான் காத்து, நீரோட்டம் வடக்கே, எங்க நின்னாலும் வடகிழக்காத்தான் தள்ளும்னு. அந்தப் பக்கமா ஒரு விமானம் நாலு மணிக்குப் பறந்துச்சு. வெளிச்சம் போனதும் திரும்பிடுச்சு.

ஆகஸ்ட் 7, புதன்

விடிஞ்சு ஆறு மணிக்கு விமானம் கிளம்புச்சு. 7.35க்குக் கண்டுபிடிச்சுட்டாங்க. பக்கத்துல இருந்த ரோந்துக் கப்பல் போய்த் தூக்குச்சு.

அஞ்சு பேர்.

செழியன் இருக்கான். சின்னையன் அண்ணன் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆஸ்பத்திரி. செழியன் உதடெல்லாம் வெடிச்சு, தோல் உரிஞ்சு கிடக்கான். இவன் பொறந்தப்ப நான்தான் முதல்ல தூக்கினேனாம், அம்மா சொல்லும். அதே முகம்தான். அழுதேன், அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு நல்லா அழுதேன்.

கொஞ்சம் கொஞ்சமா சொன்னான். திங்கக்கிழமை காத்து ஏறினதும் திரும்பியிருக்காங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் இஞ்சின் ஷாஃப்ட் உடைஞ்சு, அந்த ஓட்டை வழியா தண்ணி ஏறியிருக்கு. பேட்டரி மூழ்கினதும் ஒயர்லெஸ் செத்துப் போச்சு. பொத்தானை அமுக்கலாம்னா டப்பா இல்லை. மூணு மணிக்கெல்லாம் படகு போச்சு. ஐஸ் பெட்டி மூடியையும் வலை மிதப்பையும் சேர்த்துக் கட்டி ஆறு பேரும் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க மிதந்திருக்காங்க.

"விடிஞ்சதும் வானத்தையே பார்த்துக்கிட்டிருந்தோம்க்கா. சின்னையண்ணன்தான் தைரியம் சொல்லிக்கிட்டே வந்தாரு. தவமணி பார்த்துக்கிட்டிருக்கும்டா, ஆள் அனுப்பும்டான்னு. டப்பாதான் நம்மகிட்ட இல்லையே அண்ணேன்னேன். அதுக்கு அவரு, டப்பா இல்லாட்டி என்ன, நம்ம தூண் காலியா இருக்குறது அதுக்குத் தெரியாதான்னாரு."

அவனே சொன்னான்.

"செவ்வாக்கிழமை பதினோரு மணி இருக்கும். வெயில் ஏறிடுச்சு. கை விட்டுட்டாரு. நான் பிடிச்சேன்க்கா. சத்தியமா பிடிச்சேன். வழுக்கிடுச்சு."

ஆகஸ்ட் 12, திங்கள்

வீட்டுல நிற்க இடம் இல்லை. தப்பிச்சு வந்தவங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வந்துட்டாங்க. ஒருத்தி வாழைப்பழம், ஒருத்தி புடவை. பக்கிரிசாமி பேச்சைக் கேட்காம போய்ச் சொன்னியே, உன்னாலதான் எம் புருஷன் உசிரோட இருக்கான்னு ஒருத்தி கால்ல விழப் போனா. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. "போங்க, போய் வேலையைப் பாருங்க"ன்னு விரட்டிட்டேன். அடக்கமா இருக்கான்னு பேசிக்கிட்டாங்க.

சாயங்காலம் ராசாத்தி அக்கா வந்தாங்க. வாசல்லயே நின்னாங்க.

"உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல தவமணி. உனக்குத் தெரிஞ்ச உடனே சொல்லிட்டே. அவரு கொடுத்து வச்சது அவ்வளவுதான்."

உள்ள வாங்கன்னு நான் கூப்பிடலை.

ஆகஸ்ட் 14, புதன்

ஃபேன் சரி பண்ணிட்டாங்க. சத்தமே இல்லை. உக்கார முடியலை.

ஆகஸ்ட் 19, திங்கள்

விசாரணை. மேலதிகாரி ஒருத்தர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். மாசிலாமணிக்கும் பக்கிரிசாமிக்கும் அனுமதி நிறுத்தி வச்சாச்சு. இனிமே புள்ளியை மட்டும் பார்த்துக் கரை திரும்பியதுன்னு எழுதக் கூடாது, தூணுக்குத் தூண் நடந்து படகைக் கண்ணால பார்த்துத்தான் எழுதணும்னு உத்தரவு. நல்ல உத்தரவு.

என்னைப் பார்த்து, "செவ்வாய் காலைதான் உங்களுக்குத் தெரிய வந்தது?"ன்னார்.

"ஆமா சார்."

"சொந்தத் தம்பின்னும் பார்க்காம தகவல் கொடுத்திருக்கீங்க. பாராட்டணும்." மேடத்துக்குப் பெருமை. வெளியில வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாங்க. கணக்கு ரொம்ப லேசு. புதன்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பின விமானம் 7.35க்குக் கண்டுபிடிச்சுது. செவ்வாய்க்கிழமையும் விடியல் ஆறு மணிக்குத்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

ராசாத்தி அக்கா மறுபடி கூடை தூக்க ஆரம்பிச்சுட்டாங்க. காலையில ஏலக் கூடத்துல பார்த்தேன். விலை பேசலை, சண்டை போடலை. கொடுத்ததை வாங்கிக்கிட்டுப் போனாங்க. மத்தவங்க எல்லாம் ஒதுங்கி வழி விட்டாங்க.

ஆகஸ்ட் 22, வியாழன்

மத்தியானம் அவங்க வீட்டுக்குப் போனேன். வாசல்ல உக்காந்து மிச்ச மீனுக்கு உப்பு போட்டுக்கிட்டிருந்தாங்க. இந்த நோட்டைக் கையில கொண்டுபோயிருந்தேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனால வாயாலயே சொன்னேன். உக்காராம நின்னுக்கிட்டே சொன்னேன்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சது செவ்வாய்க்கிழமை காலையில இல்ல. திங்கக்கிழமை சாயங்காலமே தெரியும்."

கை நின்னுது.

"ஒன்பதும் பதினாலும் ஒரே இடத்துல கரைக்கு வந்துச்சு. ஆபீஸைப் பூட்டிட்டு ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால போய்ப் பார்த்தேன். மஞ்சள் டயர் இருந்துச்சு. படகு இல்ல. வந்துடுவான், வந்துடுவான்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். செழியனை ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன். டப்பா விஷயம் ஜூலை மாசமே தெரியும். கழட்டினாலும் வேலை செய்யும்னு அவனுக்குச் சொன்னதே நான்தான்."

அவங்க என்னைத் திட்டியிருக்கலாம். அந்த வாய்க்கு ஊரே நடுங்கும். "எத்தனை மணிக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"அஞ்சு நாப்பது."

உப்புக் கையோட விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. ஆறே முக்கால்... இல்ல, ஆறு நாப்பது, ஏழு நாப்பது, எட்டு நாப்பதுன்னு மெதுவா, விட்டுடாம. ரெண்டு கையும் முடிஞ்சு, மறுபடி முதல் விரலுக்கு வந்து, செவ்வாய்க்கிழமை பத்து நாப்பதுல நின்னாங்க.

"பதினேழு"ன்னாங்க.

அப்புறம் மீனை எடுத்துக்கிட்டாங்க. "போ. போய் எழுத வேண்டிய இடத்துல எழுது."

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலை 9.05. மேடம் முன்னால உக்காந்து ரிஜிஸ்டர்ல எழுதினதை அப்படியே இங்கயும் எழுதி வைக்கிறேன். வெள்ளை மை பூசலை. கீழ இருக்கிறது தெரியும்.

ஜூலை 3: ஒன்பது, பதினாலு, இரண்டு டப்பாவும் ஒரே படகில் இருந்தது. பார்த்தேன். தெரிவிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, மாலை 5.15: "ஒன்பதாம் நம்பர் கரை திரும்பியது" என்பதை அடித்தேன். கரை திரும்பவில்லை. ஆள் ஆறு.

ஆகஸ்ட் 6, "காலையில்தான் தெரிய வந்தது" என்பதை அடித்தேன். ஆகஸ்ட் 5, மாலை 5.40க்குத் தூண் காலி என்று நேரில் பார்த்தேன். தெரிவிக்கவில்லை.

தவமணி.